டிரில் வரைபவருக்கு இரண்டாவது திரை எதற்கு?

மார்ச்சிங் பேண்டுக்கு டிரில் வரையும் வேலையைக் கணினியில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, மானிட்டர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத்தான். எத்தனை மானிட்டர் வேண்டும் என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. அப்போதும் இடம் போதவில்லை என்ற காரணத்துக்காகவே இரண்டாவதை வாங்குகிறார்கள். இடம் போதாது என்பது உண்மைதான். ஆயினும், கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்றை எந்நேரமும் கண்முன் நிறுத்தி வைப்பதற்காகவே இரண்டாவது திரை வேண்டும் என்பது என் கருத்து. அதில் மவுஸ் எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சிறு விளக்கம். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே நடந்து உருவங்களை அமைப்பதற்கான வரைபடமே டிரில். ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. ஒரு செட்டிலிருந்து (அதாவது வரையப்பட்ட ஒரு நிலையிலிருந்து) அடுத்த செட்டுக்கு இத்தனை கவுண்டில், அதாவது இத்தனை தாளத் துடிப்பில், போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கணக்கு. வழக்கமான அளவு 5 யார்டுக்கு 8 ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப் 22.5 அங்குலம். வாத்தியக்காரரின் கைக்குப் போய்ச் சேருவது, 'சைடு 1, 40 யார்டு லைனுக்கு வெளியே 2 ஸ்டெப், முன் ஹாஷுக்குப் பின்னால் 6 ஸ்டெப்' என்பது போன்ற ஒரு வரி மட்டுமே. சைடு 1 என்பது மைதானத்தின் ஒரு பாதி, ஹாஷ் என்பது மைதானத்தின் நீளவாக்கில் ஓடும் இரண்டு குறிவரிசைகளில் ஒன்று.

முதலில் இடத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். இரு முனைகளிலும் உள்ள எண்டு ஸோன் என்ற பகுதிகளையும் சேர்த்தால் மைதானத்தின் நீளம் 120 யார்டு, அதாவது 192 ஸ்டெப். 1920 பிக்சல் அகலமுள்ள சாதாரண மானிட்டரில் முழு மைதானத்தையும் விரித்தால் ஒரு ஸ்டெப்புக்குச் சரியாக 10 பிக்சல் கிடைக்கும். கால் ஸ்டெப் நகர்த்த வேண்டுமென்றால் இரண்டரைப் பிக்சலில் விளையாட வேண்டும். அதற்குள் புள்ளியின் குறியும் அதன் பக்கத்தில் 'டி12' என்பது போன்ற பெயரும் அடங்க வேண்டும். கருவிப் பட்டைகளையும் கவுண்டுப் பட்டையையும் அதே திரையில் வைத்தால் மைதானம் இன்னும் சுருங்கும். ஆகவே பெரிதாக்கிப் பார்த்து வேலை செய்கிறோம். பெரிதாக்கியதும் மைதானத்தின் மறுபக்கம் பார்வையிலிருந்து போய்விடுகிறது. இடப்பக்கத்து வளைவைத் திருத்தும்போது வலப்பக்கத்தில் அதற்கு எதிர்நிலையாக நிற்கும் கலர் கார்டு (கொடி சுழற்றுபவர்கள்) வரிசை கண்ணில் இருக்காது. 3840 பிக்சல் அகலமுள்ள 4கே திரையில் ஒரு ஸ்டெப்புக்கு 20 பிக்சல் கிடைப்பதால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். அதனால் இடம் மட்டுமே குறை என்றால், இரண்டு சிறிய திரைகளைவிட ஒரே ஒரு நல்ல 4கே திரை மேல் என்றுதான் சொல்வேன். இரண்டு திரைகளின் குறுக்கே மைதானத்தை நீட்டிப் போடுவது கூடவே கூடாது. நடுவிலுள்ள சட்டம் சரியாக 50 யார்டு லைனில் வந்து உட்காரும், ஒரு நிகழ்ச்சியின் முக்கியமான உருவங்களில் பாதி அங்கேதான் நிற்கும்.

இனி இரண்டாவது திரைக்கு வருகிறேன். அதில் நான் வைப்பது முழு ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் சுரக்குறிப்பும் ஒன்றாக உள்ள பிரதி. மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்துவிட்டால், புல்லாங்குழல் முதல் டிரம் வரை எல்லா வரிகளும் ஒரே பக்கத்தில், உருட்டாமல் படிக்கும் அளவில் கிடைக்கும். படுக்கைவாட்டில் இருந்தால் மேல்பாதியைப் பார்க்கும்போது கீழ்ப்பாதி மறையும். கடைசியில் மெலடியை மட்டும் பார்த்து டிரில் எழுதும் பழக்கம் வந்துவிடும். இசையின் அலைவடிவம் மென்பொருளிலேயே தெரிகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். ஒலி எங்கே பெருகுகிறது என்பதை அலைவடிவம் காட்டும். அந்த நேரத்தில் யார் வாசிக்கிறார்கள், யார் மூச்சு வாங்குகிறார்கள் என்பதை ஸ்கோர்தான் காட்டும்.

ஓர் உதாரணம். நிமிடத்துக்கு 160 பீட் வேகத்தில் 16 கவுண்டு கொண்ட ஒரு நகர்வு. மொத்தம் 6 வினாடி. சூசபோன் (பெரிய தாழ்சுர ஊதுகருவி) வரிசை பக்கவாட்டில் 12 ஸ்டெப்பும் முன்னோக்கி 16 ஸ்டெப்பும் நகர வேண்டும் என்று வரைந்திருக்கிறோம். மூலைவிட்டம் 20 ஸ்டெப். 20 ஸ்டெப்பை 16 கவுண்டில் கடந்தால் ஒவ்வோர் அடியும் 28 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். முதல் திரையில் இது அழகான, நேரான சாய்கோடு. மென்பொருளும் எச்சரிக்கை எதுவும் தராமல் போகலாம். பக்கத்துத் திரையில் ஸ்கோர் இருந்தால்தான், அந்த 16 கவுண்டு முழுவதும் சூசபோனுக்கு எட்டாம் பங்கு சுரங்கள் (ஒரு கவுண்டுக்கு இரண்டு) இடைவிடாமல் ஓடுகின்றன என்பது தெரியும். அவ்வளவு கனமான வாத்தியத்தைத் தோளில் சுமந்து, அந்த வேகத்தில், அந்த அளவு அடி வைத்து, சுரம் தவறாமல் வாசிக்கச் சொல்வது நியாயமன்று. அதற்கு முந்தைய 8 கவுண்டில் அவர்களுக்கு ஓய்வு இருக்கிறதென்றால், நகர்வை அங்கேயே தொடங்கி 24 கவுண்டுக்குப் பரப்பலாம். அடி 19 அங்குலத்துக்குள் வந்துவிடும். இந்த முடிவை எடுப்பதற்குத் தேவையான தகவல் முழுவதும் ஸ்கோரில் இருக்கிறது. ஸ்கோர் வேறொரு சாளரத்தின் அடியில் கிடந்தால் நாம் போய்த் தேட மாட்டோம். நினைவிலிருப்பதை வைத்துச் சமாளிப்போம். டிரம்பெட் வரிசையை மெலடி வரும் இடத்தில் பின்பக்கம் பார்த்து நிற்க வைக்கும் டிரில்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

ஸ்கோருக்கு அடுத்தபடியாக அந்தத் திரைக்கு உரியது பார்வையாளர் காட்சி. இதைப் பலர் வரைந்து முடித்த பிறகே திறந்து பார்க்கிறார்கள். நான் வரையும்போதே திறந்து வைக்கச் சொல்வேன். நாம் வரைவது வானிலிருந்து நேர்கீழே பார்க்கும் படம். அங்கிருந்து பார்ப்பவர் எவரும் இல்லை. தரையிலிருந்து 40 அடி உயரத்திலும் முன்பக்கக் கோட்டிலிருந்து 60 அடி பின்னாலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி மைதானத்தின் முன் ஹாஷ் அவரிடமிருந்து தரைமட்டத்தில் ஏறத்தாழ 113 அடி தூரத்தில் இருக்கும். அவருடைய பார்வை 20 பாகைக்கும் சற்றுக் குறைவான கோணத்தில் அங்கே விழும். அந்தக் கோணத்தில் ஆழம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 24 ஸ்டெப் விட்டமுள்ள வட்டம் அவருக்கு 24 அகலமும் 8 உயரமும் கொண்ட முட்டையாகத்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால் நுட்பமாகத் தோன்றும் மெல்லிய வளைவு அங்கிருந்து நேர்கோடாகிவிடும். பின்னால் தனித்து நிற்கும் இரண்டு வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் அறிவால் தெரிந்து வைத்திருப்பது வேறு, ஒவ்வொரு புள்ளியையும் இழுக்கும்போதே பக்கத்தில் பார்ப்பது வேறு. பைவேர் போன்ற மென்பொருள்களில் 3டி காட்சி உண்டு. வேலை செய்யும் கணினியில் அது தடுமாறினால், செட்டை முடித்த கையோடு அசைவைக் காணொளியாக எடுத்து, இரண்டாவது திரையில் சுழற்சியில் ஓட விட்டாலும் போதும்.

அந்தக் காட்சியை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சைடு 1 என்பது பார்வையாளரின் இடப்பக்கம். முன்னோக்கி நிற்கும் வாத்தியக்காரருக்கு அது வலப்பக்கம். ஒரு திரையில் இயக்குநர் நோக்கும் (பார்வையாளர் பக்கமிருந்து பார்ப்பது) மறு திரையில் வாத்தியக்காரர் நோக்கும் இருந்தால், களைத்த இரவு வேளையில் இடம் வலமாக மாறுவது உறுதி. இரண்டிலும் ஒரே நோக்கையே வையுங்கள். வாத்தியக்காரர் நோக்கு தேவைப்படுவது அவர்களுக்குக் கொடுக்கும் இடக்குறிப்புத் தாள்களைச் சரிபார்க்கும்போதுதான். அதைத் தனியாக, வேறொரு நேரத்தில் செய்யலாம்.

சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய 24 அங்குலத் திரையும் புதிய 27 அங்குல 4கே திரையும் சேர்ந்தால் பிக்சல் அடர்த்தி வெவ்வேறாகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்த சாளரம் சில பழைய மென்பொருள்களில் மங்கும் அல்லது எழுத்துகள் எறும்பாகிவிடும். ஸ்கோர் மட்டுமே வைக்கும் திரைக்கு அது பெரிய குறையன்று. டிஸ்ப்ளே அமைப்பில் இரு திரைகளின் கீழ்விளிம்பையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிட்டால், கீழ்ப்பகுதியிலாவது மவுஸ் குறி எதிலும் முட்டாமல் கடக்கும். முதன்மைத் திரை மூக்குக்கு நேரே இருக்கட்டும், ஸ்கோர்த் திரை பக்கத்தில் சாய்ந்து நிற்கட்டும். இரண்டையும் சமமாகப் பிரித்து நடுவில் சட்டத்தைப் பார்த்து உட்காருவது கழுத்துக்குக் கேடு. அகலத் திரை என்று இப்போது விற்கும் 21:9 மானிட்டர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். மைதானத்தின் நீள அகல விகிதம் 360 அடிக்கு 160 அடி, அதாவது 2.25:1, ஆகவே அத்திரையில் மைதானம் அருமையாகப் பொருந்தும். ஆனால் நெட்டுக்குத்தான ஸ்கோருக்கு அங்கே இடமில்லை. அகலத் திரை வாங்கினாலும் பக்கத்தில் இன்னொன்று வேண்டியே இருக்கும்.

ஒத்திகை மைதானத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. வெயிலில் கண் கூசும் மடிக்கணினி ஒன்றுதான் இருக்கும். பேண்ட் இயக்குநர் இருபது பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு, 14ஆம் செட்டை இப்போதே மாற்றித் தாருங்கள் என்பார். அதற்காக மென்பொருளில் ஒற்றைத் திரைக்கான சாளர அமைப்பு ஒன்றைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால், வீட்டில் இரண்டாவது திரையில் விட்டுவந்த சாளரம் மடிக்கணினியின் பார்வைக்கு எட்டாத இடத்தில் திறந்து கிடக்கும். ஸ்கோரை அங்கே அச்சிட்ட தாளாகவே கொண்டு போகிறேன். காற்றில் பறக்காமலிருக்கக் கிளிப் போட்ட அட்டை போதும்.