எங்கள் டொமைன் கைவிட்டுப் போய்த் திரும்பி வந்த கதை

"உங்க தளத்தைத் திறந்தா ஏதோ விளம்பரமா வருதே, தொழிலை மூடிட்டீங்களா?" என்று ஒரு பழைய வாடிக்கையாளர் போனில் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். டொமைன், அதாவது எங்கள் தளத்தின் இணையப் பெயர், காலாவதியாகி அன்றோடு ஒன்பது நாள். அத்தனை நாளும் மின்னஞ்சல் பெட்டி வெறிச்சோடிக் கிடந்ததை வியாபாரம் மந்தம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய இயந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்கும் சின்னத் தொழில் எங்களுடையது. தளத்தை மூன்று வருடத்துக்கு முன் ஒரு டிசைனர் தம்பி செய்து கொடுத்தார். டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்), அஞ்சல் எல்லாம் அவர் பொறுப்பு. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கண்ணே" என்றார். நானும் கவலைப்படவில்லை. அதுதான் தப்பு.

டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனத்தின் தளத்துக்குப் போய் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினேன். மாற்றுவதற்கான இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டதாகச் சொன்னது. எந்த மின்னஞ்சல்? அட்மின் என்று தொடங்கி எங்கள் டொமைனிலேயே முடிகிற முகவரி. டொமைன் செத்தால் அந்த முகவரியும் செத்ததுதானே! பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியிருக்கிறோம். நீங்கள் இதைப் படிக்கிற இந்த நிமிடமே உங்கள் டொமைன் கணக்கில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அது அதே டொமைனில் இருந்தால் வேறொன்றுக்கு மாற்றிவிட்டு மீதியைப் படிக்கலாம்.

டிசைனர் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: கடவுச்சொல் நினைவில்லை, ஆனால் தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வைத்திருந்தாராம். போட்டுத்தான் வைத்திருந்தார். அதில் கொடுத்திருந்த வங்கி அட்டை அதற்குள் காலாவதியாகிவிட்டது.

பதிவு நிறுவனத்தின் உதவிப் பிரிவோடு நடந்த போராட்டத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது. கணக்கில் உள்ள மின்னஞ்சலிலிருந்து எழுதச் சொன்னார்கள். அது வேலை செய்யவில்லை என்றுதானே எழுதியிருக்கிறேன் என்றேன். அடுத்த நாள் வேறு ஒருவர் வந்து அதே வரியை அப்படியே ஒட்டினார். நான்காவது ஆள்தான் கோரிக்கையை முழுதாகப் படித்தார். அவரால் இன்னொரு உண்மையும் வெளியே வந்தது: டொமைன் என் பெயரிலேயே இல்லை, தம்பியின் பெயரில் இருக்கிறது. வெளியே தேடினால் இது தெரியாது. தனியுரிமை காரணமாக உரிமையாளர் விவரத்தை இப்போதெல்லாம் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். கணக்குக்குள் போய்த்தான் பார்க்க முடியும். தம்பி நல்லவர், அடையாளச் சான்றோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மனக்கசப்போடு பிரிந்த டிசைனராக இருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

இந்த இழுபறிக்கு நடுவே நாள் ஓடிக்கொண்டிருந்தது. டாட் காம் காலாவதியானதும் உடனே பறிபோய்விடாது. முதலில் ஒரு சலுகைக் காலம் இருக்கும், அதிகபட்சம் 45 நாள் வரை. ஆனால் அது எத்தனை நாள் என்பது அந்தந்தப் பதிவு நிறுவனத்தின் கையில். அதற்குள் என்றால் பெரும்பாலும் வழக்கமான கட்டணத்தில் முடிந்துவிடும். அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். அதற்குப் பிறகு 5 நாள் யாரும் தொட முடியாத நிலை, அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எங்கள் ஆவணங்களைச் சரிபார்த்து முடிப்பதற்குள் டொமைன் மீட்புக் காலத்துக்குள் போய்விட்டது. மீட்புக் கட்டணம் சாதாரணப் புதுப்பிப்பைப் போலப் பல மடங்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். மறுநாள் தளம் திறந்தபோது, மூன்று வருடமாகப் பார்த்துச் சலித்த அந்த முகப்புப் பக்கம் கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

இத்தோடு முடித்திருக்கலாம். கோபத்தில் நிறுவனத்தையே மாற்றிவிடுவோம் என்று கிளம்பினேன். டொமைனை முதலில் என் பெயருக்கு மாற்றினேன், அப்புறம் வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடு கேட்டேன். வேறு நிறுவனத்துக்கு நகர்த்த முடியாதபடி 60 நாள் பூட்டு விழுந்திருக்கிறது என்றார்கள். உரிமையாளர் விவரத்தை மாற்றினால் அப்படித்தானாம். மாற்றும்போதே 'பூட்டு வேண்டாம்' என்று டிக் செய்ய ஒரு சின்னக் கட்டம் இருந்திருக்கிறது, அவசரத்தில் நான் பார்க்கவில்லை. பெயரையும் நிறுவனத்தையும் சேர்த்து மாற்ற நினைப்பவர்கள் அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடியுங்கள்.

சரி, டொமைன் நகராவிட்டால் போகட்டும், ஹோஸ்டிங்கையாவது மாற்றுவோம் என்று டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரைப் புது ஹோஸ்டிங்குக்குத் திருப்பினேன். ஒரு மணி நேரத்தில் தளம் வந்துவிட்டது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர், "மெயில் போட்டா திரும்பி வருதுங்க" என்றார். நேம்சர்வரை மாற்றினால் டிஎன்எஸ் பதிவுகள் (தளம் எங்கே, அஞ்சல் எங்கே என்று சொல்லும் குறிப்புகள்) மொத்தமும் புது இடத்திலிருந்துதான் படிக்கப்படும். அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் பதிவு அங்கே இல்லவே இல்லை. அது இல்லாவிட்டால் அஞ்சல் நேராகத் தளம் இருக்கும் சர்வரின் கதவைத் தட்டும். அது 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டது. தொலைந்த அந்த இரண்டு நாள் அஞ்சலை இனி யார் தருவார்? நேம்சர்வரைத் தொடுவதற்கு முன் பழைய டிஎன்எஸ் பக்கத்தை வரி விடாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது அந்த இரண்டு நாளுக்குப் பிறகுதான் தோன்றியது.

அஞ்சலைச் சரிசெய்யப் போன இடத்தில் இன்னொரு பூதம். தளத்தில் உள்ள விசாரணைப் படிவத்தில் வந்த கேள்விகளில் பதினான்கு ஸ்பேமில் கிடந்தன. சில ஆறு மாதப் பழசு. படிவம் அனுப்பும் அஞ்சலில் அனுப்புநர் என்று வாடிக்கையாளரின் முகவரியைப் போட்டு வைத்திருந்தது. எங்கள் சர்வர் வேறொருவர் பெயரில் அஞ்சல் அனுப்பினால் பெறுகிறவர்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? அனுப்புநராக எங்கள் டொமைன் முகவரியையும், பதில் போக வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் முகவரியையும் போட்டேன். எங்கள் பெயரில் எந்தெந்த சர்வர் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்கிற எஸ்பிஎஃப் பதிவையும் சேர்த்தேன். அதிலிருந்து ஒழுங்காக வருகிறது. மாதம் ஒரு முறை நானே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்க்கிறேன். அந்தப் பதினான்கு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதியதில் இரண்டு பேர் பதில் போட்டார்கள், ஒருவர் வாங்கவும் வாங்கினார்.

பேக்கப் கதை சின்னது: எடுத்துத்தான் வைத்திருந்தோம், அதே சர்வரில். இப்போது ஒரு பிரதி என் கணினியில் இருக்கிறது.

டொமைனைப் பத்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், அதற்கு மேல் விடமாட்டார்கள். கணக்கில் வேறு மின்னஞ்சல், என் கைப்பேசி எண், போன் நாட்காட்டியில் நினைவூட்டல் எல்லாம் இருக்கின்றன.

போன வாரம் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, அந்த அட்மின் மெயில் பாஸ்வேர்டு ஞாபகம் வந்துடுச்சு!" வாங்கித் திறந்து பார்த்தேன். பதிவு நிறுவனத்திலிருந்து இரண்டு கடிதங்கள், இரண்டும் படிக்கப்படாமல். ஒன்று காலாவதிக்கு ஒரு மாதம் முன்பு வந்தது, இன்னொன்று ஒரு வாரம் முன்பு.