தாய் தேப்பனும் பிள்ளையளும் ஒண்டாச் சேந்து விளையாட

கிளிநொச்சியில தருமபுரம் பக்கம் நாங்கள் சில பேர் சேந்து பதின்ம வயசுப் பிள்ளையளையும் அவையின்ர பெரியாக்களையும் ஒண்டா வைச்சு விளையாட்டு நடத்திறம், அதைக் கேள்விப்பட்டு மாங்குளம் புதுக்குடியிருப்புப் பக்கத்தில இருந்தெல்லாம் என்ன செய்யிறியள் எப்பிடிச் செய்யிறியள் எண்டு கேக்கினம், அதான் எழுதுறன்.

பதினாலு பதினைஞ்சு வயசில அம்மாக்குப் பக்கத்தில நிக்கவே பிள்ளையளுக்கு வெக்கம். பொதுநோக்கு மண்டபத்துக்குள்ள விட்டியள் எண்டால் பெடியள் ஒரு மூலை, பெட்டையள் ஒரு மூலை, அம்மாமார் கதிரையில, அப்பாமார் வெளியில வேம்புக்குக் கீழ. அந்த நேரத்தில மைக்கை நீட்டி உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டால் ஒருத்தரும் வாய் திறக்காயினம்.

அதைவிட முக்கியமான ஒண்டு. பயிற்சிப் புத்தகங்களில குடும்பப் படம் கீறு, அப்பாவைப் பற்றி மூண்டு விசயம் சொல்லு எண்டெல்லாம் கிடக்கும். அதை எங்கட ஊரில தயவு செய்து வைக்காதேங்கோ. 2009இல சண்டை முடிஞ்சதுக்குப் பிறகு அப்பா இல்லாத வீடு, அண்ணா எங்கையெண்டே தெரியாத வீடு எத்தினை, அந்தப் பிள்ளை எல்லாருக்கும் முன்னால எதைக் கீறும்? நாங்கள் அழைக்கேக்கையே "வீட்டில ஒரு பெரியாளோட வாங்கோ" எண்டுதான் சொல்லுறது. அம்மம்மா வருவா, மாமா வருவார், பெரியம்மா வருவா, ஒருத்தருக்கும் ஒரு குறையும் தெரியாது.

தொடக்கத்துக்கு ரெண்டு உண்மை ஒரு பொய். பெரியாக்கள் தங்கட பள்ளிக்கூட வயசைப் பற்றி மூண்டு விசயம் சொல்லவேணும், எது பொய் எண்டு பிள்ளையள் பிடிக்கவேணும். ஒரு அம்மா சொன்னா: நான் ஜாம் போத்தல் விளக்கில படிச்சு ஓஎல் சோதினை எழுதினனான், சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டிப் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்டனான், பள்ளிக்கூடத்தில நெட்போல் கப்டனா இருந்தனான். பிள்ளையள் எல்லாம் ஒரே குரலில சைக்கிள் ரேடியோதான் பொய் எண்டு கத்திச்சினம், அவவின்ர மகள்தான் பெரிசாக் கத்தினது. நெட்போல்தான் பொய்! பிறகு விளையாட்டே நிண்டுபோச்சு, கரண்ட் இல்லையோ, பற்றறி ஏன் வாங்கேல்லை, அந்த விளக்கு எப்பிடிச் செய்யிறது எண்டு ஒரே கேள்வி, அவவும் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சுக் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிறதை, பொருளாதாரத் தடையால மண்ணெண்ணெய் விலை ஏறினதை, பற்றறி உள்ள வராததை எல்லாம் சொன்னா, தொண்ணூறுகளில வன்னியில வளந்த ஆக்களுக்கு இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஆனா 2010க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? என்னத்தைச் சொல்லுறது என்னத்தை விடுறது எண்டு அவவே தெரிவு செய்யிறா, அதாலதான் எனக்கு இந்த விளையாட்டில அவ்வளவு விருப்பம்.

அடுத்தது எவடம் எவடம். கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போற விளையாட்டுத்தானே எல்லாரும் வைக்கினம், அது எங்களிட்ட முந்தியே இருக்கு. பெரியாளின்ர ரெண்டு கைக்குள்ளயும் மண்ணை நிரப்பி நடுவில ஒரு சின்னத் தடியைக் குத்தவேணும். பிள்ளை பின்னால நிண்டு பெரியாளின்ர கண்ணைப் பொத்திக்கொண்டு எவடம் எவடம், புளியடி புளியடி எண்டு வளைச்சு வளைச்சுக் கூட்டிக்கொண்டு போய், மண்ணை ஒரு இடத்தில வைக்கப்பண்ணி, வேற பாதையால திருப்பிக் கொண்டு வந்து கண்ணைத் திறந்துவிட, அவர் போய்த் தடியைத் தேடவேணும். வீட்டில எந்த நேரமும் பிள்ளைக்கு வழி சொல்லுற அப்பா இஞ்ச பிள்ளையை நம்பி நடக்கவேணும், அதுவும் மண் சிந்தாமல். முதல் பத்து அடி சரியான விறைப்பா நடப்பினம், பிறகு தோள் இளகிறது பாக்கவே தெரியும்.

கடைசியாத்தான் கிளித்தட்டு, நிலத்தில கீறின கோடுகளில நிண்டு ஒரு பக்கம் மறிக்க மற்றப் பக்கம் தாண்டி ஓடுற விளையாட்டு. பெரியாக்கள் ஒரு பக்கம் பிள்ளையள் ஒரு பக்கம் எண்டு பிரிக்காதேங்கோ, கலந்து விடுங்கோ, ஆனா ஒரே வீட்டுக்காரர் ஒரே பக்கத்தில வேண்டாம், சொந்தப் பிள்ளையெண்டால் உடன பேச்சு விழும். மறிக்கிற பக்கத்துத் தலைவர்தான் கிளி, அதுக்கு ஒரு அம்மாவை விடுங்கோ. நடுக்கோட்டில அவ மறிக்கிற மறிப்பைப் பாத்து ரிக்ரொக் பெடியள் வாயைப் பிளந்துகொண்டு நிக்குங்கள்.

சண்டையில செல்லடி பட்ட ஆக்கள், கால் இல்லாத ஆக்கள் எங்கட ஊரில எந்தக் கூட்டத்திலயும் இருப்பினம். அவையைத் தனியாக் கதிரையில இருத்திப் புள்ளி போட விடுறது எனக்குச் சரியாப் படேல்லை. அதுக்காகத்தான் கிளித்தட்டுக்கு முதல் எல்லாரையும் நிலத்தில இருத்திக் கொக்கானும் (கல்லை எறிஞ்சு பிடிக்கிறது) நாயும் புலியும் (கோடு கீறிக் காய் நகர்த்திறது) வைக்கிறம், நிலத்தில இருக்க ஏலாதவைக்கு மேசையில, அங்க கை கெட்டிக்காரர்தான் வெல்லுவினம்.

தை மாசியில வைக்காதேங்கோ, காலபோக நெல் அறுவடை, ஒருத்தரும் வராயினம். ஞாயிறு காலமையும் சரிவராது, ரியூசன். நாங்கள் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி, பிளேன்ரீயும் சுண்டலும் குடுத்து, இருட்ட முதல் விட்டிடுவம், தூரத்துப் பிள்ளையள் சைக்கிளில போகவேணும்.