குனிந்து பார்த்தால்தான் தெரியும்

ஜூன் 3

சைக்கிளிலிருந்து விழுந்து இடது தோள் எலும்பு முறிந்திருக்கிறது. ஸ்லிங்கை அடுத்த எக்ஸ்ரே வரைக்கும் கழற்றவே கூடாதாம்.

விழுந்தபோது போட்டிருந்த பழைய சைக்கிள் ஜெர்சியைத் தூக்கிப் போடச் சொன்னாள் அக்கா. போடவில்லை, மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். கழுத்திலிருந்து இடது கை நுனி வரை கத்தரிக்கோலால் ஒரே வெட்டு, அப்புறம் நெஞ்சுக்குக் குறுக்கே இன்னொன்று. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்தது சரிதான், வேறு வழியில் அதைக் கழற்றியிருக்க முடியாது. ஆனால் வெட்டிய ஓரத்தைப் பார்த்தேன், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நெய்த துணியாக இருந்தால் இதற்குள் ஓரம் முழுக்கப் பிசிறு தட்டியிருக்கும். இது பின்னல் துணி. நிறமும் அப்படியே இருக்கிறது, சூட்டில் சாயம் இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுவதால் உரிவதற்கு மேலே ஒன்றும் இல்லை.

ஜூன் 5

தூக்கமில்லை. இடது பக்கம் திரும்பவே முடியவில்லை.

ஜூன் 8

புதிய ஜெர்சி வாங்கியே ஆக வேண்டும். பந்தயம் ஆகஸ்ட் 9. டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் வாங்க வேண்டும்.

அக்கா இன்ச் டேப்போடு வந்தாள். "மூச்சை இழுத்துப் பிடிக்காதேடா, சாதாரணமா நில்லு" என்று அதட்டி அதட்டி அளந்தாள். அக்குளுக்குக் கீழே, நெஞ்சு அகலமாக இருக்கும் இடத்தில், டேப் முதுகில் கீழே சரியாமல். நெஞ்சளவு குறைந்திருக்கிறது, இடது மேற்கை வலதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே மெலிந்துவிட்டது. இதுதான் இப்போது என் கவலை. எந்த உடம்புக்கு வாங்குவது? இன்றைக்கு இருக்கிற உடம்புக்கா, ஆகஸ்டில் வரப்போகிற உடம்புக்கா?

சாதாரணச் சட்டை என்றால் ஒரு அளவு கூட்டி வாங்கிவிட்டுப் போகலாம், பந்தய ஜெர்சியில் அது நடக்காது. கை நுனி தளர்ந்தால் காற்றில் படபடக்கும், முதுகு தளர்ந்தால் அங்கே தைத்திருக்கும் பைகள் தொங்கும். சின்னதாக எடுத்தால் ஜிப் அலை அலையாக நெளியும், துணி எல்லை வரை இழுபட்டு மெலிந்து வெயிலை உள்ளே விடும். அளவு அட்டவணையில் நெஞ்சு ஒரு வரியிலும் இடுப்பு இன்னொரு வரியிலும் விழுகிறது. நெஞ்சளவைத்தான் நம்புவேன், இடுப்பில் துணி கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொடுக்கும். தோளும் நெஞ்சும் அப்படி விட்டுக்கொடுக்காது.

இரண்டு அளவும் வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்பலாம் என்கிறாள். சரி.

ஜூன் 9

அளந்த சீட்டைக் காணவில்லை. மறுபடியும் அளந்தோம், அதே எண்கள்தான்.

ஜூன் 14

ராத்திரி முழுக்கப் பழைய பந்தயப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் கம்பளி ஜெர்சியில். சிலருக்கு நெஞ்சிலேயே பை, மூடிபோட்டு. மழை பெய்தால் அந்தக் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொள்ளும், இழைகளுக்கு நடுவே நிற்கிற தண்ணீர் வேறு. அது மொத்தமும் முதுகில் தொங்க, மலை ஏறியிருக்கிறார்கள். லைக்ரா என்கிற நீண்டு சுருங்கும் இழை 1958-இல்தான் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தது, சைக்கிள்காரர்கள் முதுகுக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது.

யூஜின் கிரிஸ்டோஃப் பற்றிப் படித்தேன். 1919-இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை முதன்முதலில் போட்டவர். பந்தயத்தை நடத்திய பத்திரிகை மஞ்சள் தாளில் வந்தது, அதனால் மஞ்சள். 1913-இல் மலையிறக்கத்தில் அவருடைய சைக்கிளின் ஃபோர்க், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, உடைந்துபோனது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கீழே கிராமம் வரை நடந்து, கொல்லன் உலையில் தன் கையாலேயே அதை ஒட்டவைத்துக்கொண்டு கிளம்பினார். 1919-லும் ஃபோர்க் உடைந்தது, மஞ்சள் ஜெர்சி உடம்பில் இருக்கும்போதே, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால். மறுபடியும் சரிசெய்துகொண்டு கிளம்பினார். ஜெர்சி கைவிட்டுப் போனது.

கிளம்பினார் என்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

ஜூன் 21

"எதுக்குடா இவ்வளவு இறுக்கம், மூச்சு விட வேண்டாமா?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. உட்கார்ந்து விளக்கினேன், ரொம்ப நேரம்.

சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம்மைத் தடுப்பதில் பெரும்பங்கு காற்றுதான், டயர் உராய்வும் செயினும் மிச்சம் கொஞ்சம். அந்தக் காற்றுத் தடையிலும் சைக்கிளுடைய பங்கு சின்னது, உடம்புடைய பங்குதான் பெரியது. சட்டத்திலும் சக்கரத்திலும் எவ்வளவு செலவு செய்தாலும் தோளில் ஒரு மடிப்பு நின்றால் காற்று அங்கே கலைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஜெர்சியின் கை முழங்கைக்குக் கிட்ட வரை நீள்கிறது, மேற்கைத் துணியில் வரிவரியாக மேடு வைக்கிறார்கள். காற்று தோலை ஒட்டி இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பிரியட்டும், பின்னால் சுழல் குறையட்டும் என்று. அதற்கும் கணக்கு இருக்கிறது, உலக சைக்கிள் கூட்டமைப்பின் விதிப்படி துணியின் மேடுபள்ளம் 1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, விழாம ஓட்டு" என்றாள்.

ஜூன் 27

ஸ்லிங் போய்விட்டது!! எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி வெள்ளையாக எலும்பு கூடியிருக்கிறது. கை தோள் உயரம் வரைக்கும்தான் எழுகிறது, அதற்கு மேல் வலி. சாலைக்கு இப்போது போகக் கூடாது, வீட்டுக்குள்ளே டிரெய்னரில், சைக்கிளை நகராமல் மாட்டிவைக்கும் தாங்கியில், மிதிக்கலாம். பந்தயம் பற்றிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

ஜூலை 2

இரண்டு அளவும் வந்துவிட்டன. இதை விரிவாக எழுதியே ஆக வேண்டும்.

கண்ணாடி முன் நின்றபோது இரண்டுமே தப்பாகத் தெரிந்தன. முன்பக்கம் குட்டை, தொப்புளுக்குக் கொஞ்சம் கீழேயே முடிகிறது. கழுத்து பின்னாலிருந்து இழுக்கிறது, தோளை முன்னால் தள்ளுகிறது, நிமிர்ந்தால் நிமிரவிடவில்லை. வெட்டே அப்படித்தான். முன்பக்கம் குட்டையாக, முதுகு நீளமாக, குனிந்த உடம்புக்காக வெட்டியது. கண்ணாடியை நம்பி இதை முடிவுசெய்யவே கூடாது. இரண்டையும் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி, கீழே பிப் ஷார்ட்ஸும் (தோளில் பட்டை மாட்டும் சைக்கிள் கால்சட்டை) போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். அக்கா பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் போட்டோ எடுத்தாள்.

பெரியது ஹூடில், ஹேண்டில்பாரின் மேலே பிரேக் பிடி இருக்கும் இடத்தில், கை வைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. டிராப்ஸுக்கு, ஹேண்டில்பாரின் கீழ் வளைவுக்கு, இறங்கினதும் வயிற்றுப் பக்கம் துணி கீழே தொங்கியது, அக்குளில் இரண்டு மடிப்பு. சின்னது இறங்க இறங்கச் சரியாகிக்கொண்டே வந்தது. நிற்கும்போது முறைத்துக்கொண்டிருந்த கழுத்து அடங்கிவிட்டது, முதுகில் ஒரு மடிப்பு இல்லை, கீழ் ஓரத்துச் சிலிக்கான் பட்டை பிப் துணியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறாமல் நின்றது. பைகளில் போனும் டியூபும் காற்றுப் பம்பும் போட்டு மிதித்துப் பார்த்தேன். கனமானதை நடுப்பையில் வைத்தால் ஆடவில்லை, ஓரப்பையில் வைத்தால் ஜெர்சி முழுக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. இடது கையைப் பின்னால் கொண்டுபோய் நடுப்பையைத் தொட முடியவில்லை. வலது கை போகிறது, போதும்.

அப்புறம் எலும்பு. முறிந்த இடம் கொஞ்சம் மேடாகக் கூடியிருக்கிறது, இறுக்கமான துணிக்கு அடியில் நன்றாகவே தெரிகிறது. பழைய ஜெர்சியில் தோளில் ஒரு தையல் உண்டு, பிப் பட்டைக்கு நேர் மேலே ஓடும். இது கையும் தோளும் ஒரே துண்டாக வெட்டியது, தையல் முன்னாலும் பின்னாலும் தள்ளிப் போய்விடுகிறது. மேட்டின் மேல் வெறும் துணிதான். முன்பெல்லாம் தையல் எங்கே ஓடுகிறது என்று கவனித்ததே கிடையாது. இனிமேல் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஜூலை 3

சின்னதுதான். பெரியது திரும்பிப் போகிறது. "ஒல்லியா இருக்கும்போது எடுக்கிற, அப்புறம் பத்தாது" என்றாள் அக்கா. வாக்குவாதம். தையல் விட்டுக்கொடுக்கவில்லை, ஜிப் நெளியவில்லை, ஆழ்ந்து மூச்சு இழுத்தால் நெஞ்சு விரிகிறது. இதற்கு மேல் என்ன பார்ப்பது?

ஜூலை 10

டிரெய்னரில் ஒரு மணி நேரம். தரையில் வியர்வை குளம். ஜெர்சியைப் பிழிந்தால் சொட்டும்.

உடனே துவைத்தேன், உடனே என்றால் நான் குளிப்பதற்கு முன்னாலேயே. பாலியெஸ்டர் இழை தண்ணீரை உள்ளே வாங்குவதே இல்லை என்று சொல்லலாம், அதனால்தான் சீக்கிரம் காய்கிறது. ஆனால் உடம்பு எண்ணெய் அதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும், அதைத் தின்று பாக்டீரியா பெருகும், அந்த வாடைதான் துவைத்த ஜெர்சியிலும் உடம்பு சூடானதும் கிளம்புகிற வாடை. ராத்திரி கூடையில் சுருட்டிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. துவைக்க நேரம் இல்லையா, தண்ணீரில் அலசி விரித்தாவது போட வேண்டும்.

ஜிப்பை மேலே வரை மூடி, உள்பக்கம் வெளியே திருப்பி, வலைப்பைக்குள் போட்டு, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் துவைக்கிறேன். சோப்பு கொஞ்சம்தான், அதிகம் போட்டால் அலசினாலும் போகாமல் துணியில் தங்கி வியர்வை வெளியேறுவதைத் தடுக்கும். மிருதுவாக்கும் திரவம் ஒரு சொட்டுகூட வேண்டாம், அது இழை மேல் படலமாகப் படிந்துவிடும். துணி கைக்கு மெத்தென்று இருக்கும், வியர்வை மட்டும் அங்கேயே நிற்கும். குளோரின் வெளுப்பான் எலாஸ்டிக் இழையையே அரித்துவிடும். முறுக்கிப் பிழிவது கிடையாது, துண்டில் சுருட்டி அழுத்துவதோடு சரி. நிழலில், காற்றில், கொடியில் இரண்டாக மடித்து. டிரையரும் இஸ்திரியும் இதன் பக்கமே வரக் கூடாது.

அக்காவுக்கும் இதையெல்லாம் சொல்லி வைத்தேன்.

ஜூலை 11

காய்ந்துவிட்டது. வாடை இல்லை.

ஜூலை 19

சொல்லி வைத்தும் என் கையுறைகளோடு சேர்த்து மெஷினில் போட்டுவிட்டாள். வலைப்பையும் இல்லை. கையுறையின் வெல்க்ரோ பின்முதுகில் கொக்கிபோட்டு ஒரு நூலை வளையமாக இழுத்து வெளியே விட்டிருக்கிறது, விரல்கடை நீளம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவள் பாவம், உதவத்தான் செய்தாள், ஒரு கையால் துவைக்கிறானே என்று.

அவளேதான் சரியும் செய்தாள். வெட்டாதே என்று மட்டும் சொன்னேன், வெட்டினால் அந்த இடத்தில் பின்னல் விட்டுப்போய் ஏணி மாதிரி ஓடும். மெல்லிய ஊசியை உள்பக்கத்திலிருந்து குத்தி, வளையத்தைப் பிடித்து, உள்ளே இழுத்துவிட்டாள். துணியைக் குறுக்கே இரண்டு முறை மெதுவாக நீட்டிவிட்டதும் சுருக்கமும் போய்விட்டது. எங்கே என்று இப்போது தேடினால்தான் கிடைக்கும்.

ஜூலை 25

டாக்டர் இன்னும் பார்க்கலாம் என்றே சொல்கிறார். எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 26

ஜெர்சியை எடுத்துப் போட்டுக்கொண்டு சும்மா டிரெய்னரில் டிராப்ஸில் உட்கார்ந்திருந்தேன். மிதிக்கவில்லை.

ஆகஸ்ட் 1

சாலை. தனியாக, காலையில், கூட்டம் இல்லாத நேரம். டாக்டர் சம்மதித்துவிட்டார், வலித்தால் நிறுத்து என்ற நிபந்தனையோடு. முதல் வளைவில் பிரேக்கை ரொம்ப முன்னாலேயே பிடித்தேன். இரண்டாவதில் அவ்வளவு இல்லை. ஓடும்போதே ஒரு கையால் ஜிப்பைக் கீழே இறக்க முடிகிறது, மேலே ஏற்றவும் முடிகிறது, அதுவும் இடது கையால்!

வெள்ளைக் கழுத்துப் பட்டையில் மஞ்சள் கறை, சன்ஸ்கிரீன். அதிலுள்ள அவோபென்சோன் என்கிற வெயில் தடுப்புப் பொருள் தண்ணீரில் இருக்கும் இரும்போடு சேர்ந்து துரு நிறமாகிறது, வெளுப்பான் போட்டால் இன்னும் மோசமாகும். துவைக்கும் முன் பாத்திரம் கழுவும் திரவத்தை விரலால் தேய்த்து ஊறவைத்தேன், பெரும்பாலும் போய்விட்டது. இனி க்ரீம் காய்ந்த பிறகுதான் ஜெர்சி போடுவது.

ஆகஸ்ட் 5

இன்றைக்கும் எலும்பு இருக்கும் இடத்தில் உரசல் இல்லை.

ஆகஸ்ட் 8

எண் அட்டை வந்துவிட்டது. ஜெர்சியைத் தட்டையாக விரித்துவைத்து ஊக்கு குத்தினால் உடம்பில் போட்டதும் துணி நீள, அட்டை சுருங்கிப் பாய்மரமாகிவிடும். அதனால் போட்டுக்கொண்டு குனிந்து நின்றேன், அக்கா குத்தினாள். ஊக்கு துணியின் நடுவில் போகக் கூடாது, ஓட்டை பெரிதாகும், கூடுமானவரை பைத் தையலை ஒட்டியே குத்தச் சொன்னேன். கீழ் இரண்டு ஊக்கும் பையின் வெளித்துணியை மட்டும் பிடிக்க வேண்டும், இரண்டு துணியையும் சேர்த்துப் பிடித்தால் பை திறக்காது. கை உள்ளே போகிறதா என்று பார்த்தேன், போகிறது. இடது மேல் மூலை மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அக்கா இன்னொரு ஊக்கு எடுத்து வரப் போயிருக்கிறாள்