கதவு தட்டும் வேலையும் கான்டனீஸ் படங்களும்

ஹாங்காங்கில் பழைய குடியிருப்புகளை ஆய்வு செய்யும் குழு ஒன்றில் வேலை பார்க்கிறேன். அடையாள அட்டையில் கட்டமைப்புப் பொறியாளர் என்று போட்டிருக்கும். நடைமுறையில் பாதி நாள் கதவு தட்டுவதிலேயே போய்விடும். 2010 ஜனவரியில் மா டாவ் வாய் சாலையில் ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 4 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 2012-இல், 30 வயதைத் தாண்டிய கட்டடங்களுக்கான கட்டாய ஆய்வுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோட்டீஸ் வாங்கிய கட்டடத்தின் உரிமையாளர்கள் எங்களைப் போன்றவர்களை அமர்த்துவார்கள். நாங்கள் சுத்தியலால் சுவரைத் தட்டிப் பார்த்து, வெற்றோசை வரும் இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டு, விரிசலை ஒட்டி அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அறிக்கை எழுதுவோம்.

மாடிப்படி, மொட்டைமாடி, வெளிச்சுவர் எல்லாம் சிரமம் இல்லை. ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று தேடி ஒருவரின் குளியலறைக்குள் போக வேண்டி வந்தால்தான் சங்கடம். மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிராதி. கிராதிக்குப் பின்னால் ஒரு பாட்டி. அவர் எதிரே ஹெல்மெட் போட்ட கறுத்த முகம், ஊர் மொழியான கான்டனீஸ் அரைகுறையாக. 2022-இல் வந்த ‘தி சன்னி சைட் ஆஃப் த ஸ்ட்ரீட்’ படத்தில் ஆன்டனி வோங் நடித்த டாக்ஸி ஓட்டுநருக்குத் தெற்காசிய முகங்கள் மேல் இருக்கும் எரிச்சல் எனக்கு நன்றாகப் பழக்கம். அந்த ஓட்டுநரே ஒரு காலத்தில் சீனாவிலிருந்து நீந்தி வந்து ஹாங்காங்கில் கரையேறியவர்தான். பாகிஸ்தானிய அகதிச் சிறுவன் ஒருவனோடு அவரை ஒரே வண்டியில் உட்கார வைத்துவிட்டு, அதைப் படம் மெல்லச் சொல்லும்.

கான்டனீஸ் படம் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது உதையும் துப்பாக்கியும்தான். வேறு படங்கள் இருக்கின்றன என்று காட்டியவர் எங்கள் மூத்த சர்வேயர். பொதுக் குடியிருப்பில் வளர்ந்தவர், கறாரான பெண்மணி. சாயங்காலம் ஆறரைக்கு ஒரு வீட்டைத் தட்டப் போன என்னை மாடிப்படியில் நிறுத்தினார். “இது சோறு பொங்குற நேரம். இப்போ யாரும் திறக்க மாட்டாங்க. ஆன் ஹுய் படம் பார்த்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்” என்றார்.

அவர் சொன்னது 2008-இல் வந்த ‘தி வே வீ ஆர்’. நகர மையத்திலிருந்து வெகு தொலைவில், வடமேற்கு மூலையில் இருக்கிறது தின் சுய் வாய். குடும்பத் தற்கொலை, கொலை என்று செய்தித்தாள்கள் அந்த ஊருக்குச் ‘சோக நகரம்’ என்று பட்டம் கட்டியிருந்த காலம் அது. அங்கே போய்க் குறைந்த செலவில் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுக்கிறார் இயக்குநர் ஆன் ஹுய். எல்லோரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய ரத்தத்தை அவர் காட்டவே இல்லை. கணவனை இழந்த ஒரு பெண் சூப்பர் மார்க்கெட்டில் துரியன் பழம் உரிக்கிறார். பள்ளிப் பொதுத்தேர்வு எழுதிய மகன் முடிவுக்காகக் காத்துக்கொண்டு சோபாவில் படுத்திருக்கிறான். அதே கட்டடத்தில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவர் அதே கடையில் வேலைக்குச் சேர்கிறார். பாட்டி தனக்கு மட்டும் ஒரு கை இறைச்சியும் கீரையும் வதக்கிச் சாப்பிடுவதையும், மிச்சத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்வதையும் கேமரா அவசரப்படாமல் பார்க்கிறது. கதை என்று கேட்டால் அவ்வளவுதான்.

பாட்டியின் மகள் இறந்துவிட்டாள். மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு ஷா டின்னில் இருக்கிறார். சேர்த்து வைத்த பணத்தில் தங்கம் வாங்கிக்கொண்டு, துணைக்குத் துரியன்காரப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, பேரனைப் பார்க்கப் போகிறார் பாட்டி. மருமகன் தங்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பி வரும் பேருந்தில் பாட்டி அதைத் துரியன்காரப் பெண்ணிடம் நீட்டுகிறார். அழுகை இல்லை, வசனம் என்று சொல்லும்படியும் இல்லை. அந்தப் பெண்ணாக நடித்த பாவ் ஹீ சிங்குக்கும் ஆன் ஹுய்க்கும் 2009 ஹாங்காங் திரைப்பட விருதுகள் கிடைத்தன. நடுவே ஆலைகளில் வேலை பார்த்த இளம்பெண்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் சில வந்து போகும். தம்பிகளைப் படிக்க வைக்க இளம் வயதிலேயே வேலைக்குப் போன ஒரு தலைமுறைப் பெண்கள். எங்கள் சர்வேயர் இந்தப் படத்தை ஏன் சிபாரிசு செய்தார் என்று அந்த இடத்தில்தான் புரிந்தது. அவரும் தம்பிகள் உள்ள மூத்த அக்கா.

எனக்குத் தொழில் ரீதியாகப் பிடித்தது ‘மேட் வேர்ல்ட்’ (2016). புது இயக்குநர்களுக்கான அரசுத் திட்டத்தில் 20 லட்சம் ஹாங்காங் டாலரில் எடுத்த படம். மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் மகனை லாரி ஓட்டும் அப்பா தன் அறைக்குக் கூட்டி வருகிறார். ஒரு பழைய ஃபிளாட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டதில் ஒரு துண்டு அது. அடுக்குக் கட்டில் போட்டால் நடக்க வழி இருக்காது. இப்படிப்பட்ட அறைகளில் ஹாங்காங்கில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். நான் உள்ளே போய்ச் சுவர் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்க முயன்றால் முதுகு எதிர்ச்சுவரில் முட்டும். அகலமான லென்ஸ் போட்டாலும் மூலை வராது. அந்தப் படத்தின் கேமராவும் அப்படித்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. அறையின் பரப்பை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கண்ணுக்கு இன்னொன்றும் படும். ஒரு கழிப்பறை இருந்த இடத்தில் ஐந்தாறு கழிப்பறை வைக்கும்போது கழிவுக் குழாயை மறைக்கத் தரையை உயர்த்திக் கலவை கொட்டுவார்கள். அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காக அந்தத் தளம் போடப்படவில்லை. அதோடு, ஹாங்காங்கில் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறைக்கு வருவது கடல் நீர். குழாய் கசிந்தால் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்னும். உயர்த்திய தரையின் ஓரத்தைத் திரையில் பார்த்தால் எனக்குக் கதை நின்றுபோகும், கீழ்வீட்டுக் கூரை நினைவுக்கு வரும். என்னோடு படம் பார்ப்பவர்கள் பாவம்.

நெருக்கடி வீட்டைப் படமாக்குவது இங்கே புதிதல்ல. 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங் திரையை மாண்டரின் படங்கள் பிடித்துக்கொண்டன, கான்டனீஸ் படங்கள் ஏறக்குறைய நின்றே போயின. 1973-இல் சோர் யூன் இயக்கிய ‘தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்’ ஒரே வீட்டில் அடைந்து கிடக்கும் குடித்தனக்காரர்களையும் பேராசைக்கார வீட்டுக்காரியையும் வைத்துச் சிரிக்க வைத்தது. அந்த ஆண்டு உள்ளூர் வசூலில் புரூஸ் லீயின் ‘என்டர் த டிராகன்’ படத்தையே முந்தியது. மூலம் ஷாங்காய் நகைச்சுவை நாடகம். ஆனாலும் லஞ்சம் கொடுத்தால்தான் தண்ணீர் அடிப்பேன் என்று நிற்கும் தீயணைப்புக்காரரைப் பார்த்து ஹாங்காங்காரர்கள் யாரை நினைத்துச் சிரித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். மறு ஆண்டுதான் அங்கே ஊழல் தடுப்பு ஆணையம் அமைந்தது. 1992-இல் வந்த ‘கேஜ்மேன்’ அதே நெருக்கடியைச் சிரிப்பில்லாமல் காட்டியது, கம்பிக் கூண்டுக் கட்டில்களில் வாழ்ந்தவர்களை வைத்து.

ஒரு படம் கட்டடத்தைக் காப்பாற்றிய கதையும் உண்டு. ஷியுங் வானில் விங் லீ தெரு என்று ஒரு சின்னச் சந்து, 1950-களின் கட்டடங்கள் வரிசையாக. மறுசீரமைப்புக்காக அதன் பெரும்பகுதியை இடிப்பதாக இருந்தது. 1960-களின் செருப்புத் தைக்கும் குடும்பம் ஒன்றைப் பற்றிய ‘எக்கோஸ் ஆஃப் த ரெயின்போ’ அங்கே படமாகி, 2010-இல் பெர்லின் விழாவில் பரிசு வாங்கியது. சில வாரங்களில் தெருவை அப்படியே வைத்துக்கொள்ள முடிவாயிற்று. எங்கள் அறிக்கைகளால் ஆகாத காரியம் இது. மகிழ்ச்சிதான், முழு மகிழ்ச்சி இல்லை. அந்தத் தெருவில் ஓடிய பழைய அச்சகங்கள் பிறகு போய்விட்டன. கட்டடம் நிற்க வேண்டும் என்று வாதாடுவதற்கு ஒரு அழகான ஷாட் போதும். அதற்குள் ஒரு தொழில் நடக்க வாடகை கட்டுப்படியாக வேண்டுமே.

ஆவணப்படங்களுக்கு வருகிறேன். என் வேலையை நேரடியாக மாற்றியது அங்கே நடந்த ஒரு சர்ச்சை. மேபல் சியுங் ஒரு பெண்கள் பள்ளியின் மாணவிகள் சிலரைப் பத்தாண்டு பின்தொடர்ந்து ‘டு மை நைன்டீன் இயர் ஓல்ட் செல்ஃப்’ எடுத்தார். முகப்பருவும் கோபமும் காதலும் வீட்டுச் சண்டையுமாக அந்தப் பெண்கள் கண்முன்னே வளர்கிறார்கள். 2023 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்த சில நாளில், பொதுவில் திரையிட நான் சம்மதிக்கவில்லை என்று அவர்களில் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். படம் நிறுத்தப்பட்டது. ஏப்ரலில் அதற்கே ஆண்டின் சிறந்த படம் என்ற ஹாங்காங் விருதும் கிடைத்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள், பள்ளி ஒப்புக்கொண்டது என்பதெல்லாம் விவாதத்தில் வந்தன. பன்னிரண்டு வயதில் கேமராவுக்குத் தலையாட்டிய பெண் இருபது தாண்டி மறுத்தால் மறுப்புத்தான் செல்லும் என்பது என் கட்சி. சர்வேயர் ஒப்பவில்லை. அவ்வளவு உண்மையான படத்தைப் பெட்டியில் பூட்டுவதும் ஒரு நஷ்டம்தான் என்றார். பல மதிய உணவுகள் இதிலேயே போயின.

ஆனால் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் எங்களிடம் இருக்கும். உள்ளே குடியிருப்பவர் வாடகைக்காரர், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது வாடகைக்காரரிடம் தனியாகக் கேட்கிறோம். சிவப்பு விளக்கு எரியும் முன்னோர் பலிபீடம், காயப்போட்ட துணி, மாத்திரை டப்பா எதுவும் படத்துக்குள் வரக்கூடாது. எடுத்த படத்தை அவரிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்புவோம். விரிசலுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. கதவு திறப்பது கூடியிருக்கிறது என்று நான் சொல்வேன்.

2021-இல் தணிக்கைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தேசப் பாதுகாப்பின் பெயரால் படங்களைத் தடுக்க வழி பிறந்தது. அரசியல் ஆவணப்படங்கள் சில வெளிநாட்டு விழாக்களோடு சரி. வீடு, வேலை, சாவு பற்றிய படங்களுக்குக் கூட்டம் வருகிறது. 2024-இல் ‘தி லாஸ்ட் டான்ஸ்’ உள்ளூர்ப் படங்களின் வசூல் சாதனையை முறியடித்தது. ஹுங் ஹோம் பகுதியின் ஈமச்சடங்குத் தொழில்தான் களம். ஓடுகளை உடைத்து, தீயைத் தாண்டி, இறந்தவரை நரகத்திலிருந்து மீட்கும் தாவோயிசச் சடங்கைப் பெண்கள் செய்யக்கூடாது என்கிறார் பூசாரியான அப்பா. அவருடைய மகள் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறாள். கொஞ்சம் அழ வைப்பதற்கென்றே எழுதிய காட்சிகள் உண்டு. இருந்தும் சவப்பெட்டி விலை பேசுவதிலிருந்து உடலைக் கழுவுவது வரை வேலையை வேலையாகக் காட்டுகிறது.

குழுவில் இப்போது மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஆன் ஹுய் படத்தை முதலில் கொடுத்தேன். “அண்ணே, இதுல ஒண்ணுமே நடக்கலையே” என்றார். வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் ‘தி லாஸ்ட் டான்ஸ்’, பிறகு ‘மேட் வேர்ல்ட்’. தின் சுய் வாய்ப் படம் அவர் நாலு வீட்டுக் கிராதிக்கு வெளியே காத்து நின்ற பிறகு. ஆறரை மணிக்குத் தட்டக்கூடாது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டேன்.