காயம்பட்ட மானைத் தேட என் டாஷண்டைப் பழக்கிய அனுபவம்

ஜெர்மனியில் வேட்டை உரிமத்துக்குப் படிக்கும்போதே மனதில் பதிந்த விஷயம்: குண்டடிபட்டு ஓடிய விலங்கைக் காட்டில் துடிக்க விடக்கூடாது. தேடிப் பிடித்து அதன் வேதனையை முடித்தாக வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதற்காகவே, குட்டைக் காலும் நீள உடலும் கொண்ட வேட்டை நாய் இனமான டாஷண்டில், கம்பிமுடிக் குட்டி ஒன்றை வாங்கினேன்.

முதலில் மாட்டு இரைப்பைத் துண்டைக் கயிற்றில் கட்டிப் புல்வெளியில் கொஞ்ச தூரம் இழுப்பேன். முடிகிற இடத்தில் சாப்பாட்டுக் கிண்ணம் இருக்கும். சில மாதங்களில் இரத்தத் தடத்துக்கு மாறினோம். மான் இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், 1,000 மீட்டருக்குக் கால் லிட்டர்தான் கணக்கு. காட்டுப்பன்றி இரத்தத்தை நான் தொடவே இல்லை. அதில் ஆஜெஸ்கி வைரஸ் இருக்கலாம், நாய்க்குத் தொற்றினால் பிழைக்காது.

தடம் போட்டு, ஓர் இரவு கழித்துத்தான் நாயை விடுவோம். எல்லாம் நன்றாகப் போகிறது என்றே நினைத்தேன். ஒருநாள் நண்பர் போட்ட தடத்தில், முதல் திருப்பத்திலேயே என் நாய் நின்று என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. அதுவரை எல்லாத் தடத்தையும் போட்டது நான், எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரியும். அவள் விலகும்போதெல்லாம் என் கை என்னையறியாமலே கயிற்றை இறுக்கியிருக்கிறது. தடத்தை மோந்து போவதை விட்டுவிட்டு என் கையைக் கவனிக்கப் பழகிவிட்டாள். ரொம்ப வருத்தமாக இருந்தது, தப்பு முழுக்க என்னுடையது.

அப்புறம் நான் தடம் போடுவதையே நிறுத்தினேன். நண்பர் போடுவார், எனக்குத் தெரியாதபடி மரத்தின் மறுபக்கம் அடையாளம் வைப்பார். அவள் வட்டமடித்துத் தேடினால் நீளக் கயிற்றைத் தளரவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பேன். சும்மா நிற்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

இரத்தத் தடம் தேடும் நாய்களுக்கென்று ஒரு தேர்வு உண்டு. அதில் 20 மணி நேரப் பழைய தடம். தடம் தவறியதாக நடுவர்கள் இரண்டு முறை எங்களைத் திரும்ப அழைத்தார்கள், மூன்றாவது அழைப்பு வந்திருந்தால் தோல்வி. வரவில்லை.

அந்தச் செப்டம்பரில் ஒருவர் அழைத்தார். மாலையில் அவர் சுட்ட ரோ மான் (ஐரோப்பாவின் சிறிய மான் வகை) ஓடிவிட்டதாம். குண்டு பட்ட இடத்தில் பச்சையும் பழுப்புமாக நீர் கிடந்தது, வயிற்றில் பட்ட அடி. உடனே துரத்தினால் படுத்த மான் எழுந்து வெகுதூரம் போய்விடும். விடியும்வரை காத்திருந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் சட்டென்று ஓடைப்பக்கம் திரும்பினாள். மான் நேராக மேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாகச் சுட்டவர் சொன்னார். நான் கயிற்றைத் தளர்த்தினேன். பெரணிப் புதருக்குள் மான் செத்துக் கிடந்தது.

சுட்டவர் தேவதாரு மரத்தில் ஒரு சிறு கிளையை ஒடித்து எனக்குத் தந்தார், வேட்டைக்காரர்கள் மரியாதையாகத் தருவது அது. அதில் பாதியை அவள் கழுத்துப் பட்டையில் செருகினேன். அவளோ மானின் கழுத்து முடியைப் பிடித்து இழுப்பதிலேயே குறியாக இருந்தாள்.