வேலை நாட்களுக்குள்ளேயே

திங்கள், ஆகஸ்ட் 18, 2025

சனி, ஞாயிறு எங்கள் வீட்டில் எனக்குச் சொந்தமில்லை. துணி, சந்தை, உறவினர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று இரண்டு நாளும் கரைந்துவிடும். எனக்கென்று ஏதாவது சந்தோஷம் வேண்டுமென்றால் அது திங்களுக்கும் வெள்ளிக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். நேரம் தானாகக் கிடைக்கும் என்று காத்திருந்து பயனில்லை. அதனால் அலுவலக நாட்காட்டியில், மாதாந்திரக் கணக்கு ஒப்படைக்கும் தேதிகளுக்கு நடுவே, நாளைக் காலைக்கு நேராக ‘நாகலிங்கம்’ என்று எழுதினேன். பக்கத்து மேசைத் தங்கை எட்டிப் பார்த்து, “இது யாருடைய கணக்கு அக்கா?” என்று கேட்டாள்.

செவ்வாய், ஆகஸ்ட் 19

பினாங்கில் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் தலைகாட்டும். அதற்கு முன்பே தாவரவியல் பூங்காவுக்குப் போய்விட்டேன். பழைய கருங்கல் குவாரி இருந்த இந்தப் பள்ளத்தாக்கில் 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய தோட்டம் இது. தண்ணீர்மலை முருகனைக் கும்பிட வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நடந்தால் போதும், வந்துவிடலாம்.

நாகலிங்கப்பூ கிளை நுனியில் பூப்பதில்லை. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகக் காம்புகள் கிளம்பி, அவற்றில் பூக்கிறது. கீழே உதிர்ந்திருந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தடித்த ஆறு இதழ்கள், உள்பக்கம் நல்ல சிவப்பு. நடுவில் சின்ன லிங்கம்போல ஒரு மேடு. அதன்மேல் மகரந்தக் கேசரங்கள் ஒன்றாகச் சேர்ந்து படமெடுத்துக் குனிந்திருக்கின்றன. தென் அமெரிக்கக் காட்டு மரம் நம் சிவன் கோயில்களுக்குள் எப்படி உரிமையோடு நுழைந்தது என்று பூவைப் பார்த்தாலே தெரியும். அலுவலகத்தில் எவர்சில்வர் தட்டில் வைத்தேன். மதியம் வரை என் மேசையைச் சுற்றி அந்த வாசனைதான்.

புதன், ஆகஸ்ட் 20

நாள் முழுவதும் கணக்கு, மாலையில் மழை. மதிய இடைவேளையில் லெபோ பாசார் கடைத்தெரு வரை நடந்து ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த புதன் விநாயகர் சதுர்த்தி; பூ விலை இனி ஏறும்.

வியாழன், ஆகஸ்ட் 21

வேலை முடிந்து நேராக ஃபெரி. கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் எனக்கு ஒரு காரியமும் கிடையாது. போய், இறங்கி, அடுத்த ஃபெரியில் திரும்புவதற்காகவே போனேன்.

1985இல் பாலம் திறந்த பிறகும் அப்பா எங்களை ஃபெரியில்தான் அழைத்துப் போவார். கார்களை ஏற்றிச் சென்ற அந்தப் பெரிய ஃபெரிகள் 2020 இறுதியோடு போய்விட்டன. 2023 ஆகஸ்டில் வந்த புதியவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் மட்டும்தான். பழைய ஃபெரியின் எண்ணெய் வாடையும் சங்கிலிச் சத்தமும் எனக்கு இன்னும் ஏக்கமாகவே இருக்கின்றன. ஆனால் கடல் மாறவில்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மழை கழுவிய வானம்; வடக்கே குனோங் ஜெராய் மலை நீலமாகத் தெரிந்தது. எதிரே ஒரு தாத்தா பேரனுக்குத் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைக் காட்டிக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் மற்றவர்கள் யாருக்கும் நான் தேவைப்படாமல் இருந்தேன். அது எவ்வளவு நல்லது என்று என்னைப்போல வீட்டையும் வேலையையும் சேர்த்து இழுக்கிற பெண்களுக்குத் தெரியும்.

வெள்ளி, ஆகஸ்ட் 22

“எனக்கும் ரெண்டு ஆப்பம் கட்டிக்கொண்டு வாருங்கள் அக்கா” என்று நேற்றே தங்கை சொல்லியிருந்தாள். முடியாது, நீயே வா என்றேன். ஆப்பம் பொட்டலத்துக்கு ஆகாத பண்டம். வரிசையாகச் சின்னச் சட்டிகள், அடியில் கரி நெருப்பு. கடைக்கார அண்ணன் ஒரு கரண்டி மாவை ஊற்றிச் சட்டியைச் சுழற்றுகிறார். விளிம்பில் மாவு வலைபோலப் படிந்து பொன்னிறமாகிறது, நடுவில் மட்டும் மெத்தென்று நிற்கிறது. மூடியைத் திறந்து, ஓரத்தைக் கிளப்பி, பாதியாக மடித்துத் தருகிறார். காகிதத்தில் சுற்றிவிட்டால் அலுவலகம் போவதற்குள் அந்த மொறுமொறுப்பு நமத்துவிடும்.

அவள் நின்றபடியே இரண்டைத் தின்றுவிட்டு, “அண்ணே, இன்னும் ஒன்று” என்று தட்டை நீட்டினாள். ஒன்பது அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே இருவரும் மேசைக்கு வந்துவிட்டோம். அவளுடைய நாட்காட்டியில் அடுத்த வியாழனுக்கு நேராக இப்போது ‘ஃபெரி’ என்று எழுதியிருக்கிறது.