கட்டிலோரச் சுவர்

மே 6, திங்கள்

நைனா கட்டிலை நகர்த்திப் பெருக்கினேன். பின்னால் சுவர் இடுப்பளவுக்கு உப்பு பூத்து, பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து கிடக்கிறது. தட்டினால் அங்கங்கே பொக்கைச் சத்தம். ஆஸ்பத்திரியில் நைனாவின் ரிப்போர்ட்டை வியாழக்கிழமை தருவார்களாம்.

மே 7

பெயிண்டர் வரவில்லை. கல்யாண வீட்டு வேலையாம்.

மே 8, புதன்

சத்துவாச்சாரி கடையில் சுவரை மழமழப்பாக்கப் பூசும் பட்டி கேட்டேன். கடைக்காரர் எடுத்துத் தரவில்லை. "ஓதம் எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாரும்மா. ஓதத்து மேல பட்டி போட்டா நிக்காது" என்றார். பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடணுமாம். தாளுக்கு உள்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் கோத்தால் அறைக் காற்றிலிருந்து. அக்னி நட்சத்திரத்தில் வேலூர்க் காற்றில் ஏது ஈரம்?

மே 9, வியாழன்

உள்பக்கம்தான். அந்தப் பக்கம் பாத்ரூம், சுவருக்குள் குழாய்.

ரிப்போர்ட் திங்களாம். யாரைக் கேட்டாலும் திங்கள், திங்கள்.

மே 11

பிளம்பர் வந்து குழாயை மாற்றிவிட்டார். பொக்கைப் பூச்சை எல்லாம் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தேன். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால்தான் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். தம்பி போனில், "இப்பப் போய் எதுக்குக்கா சுவர நோண்டிட்டு இருக்க?" என்றான். அவனுக்கென்ன, பெங்களூரில் இருக்கிறான்.

மே 13, திங்கள்

வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

மே 19

சுவர் காய்ந்துவிட்டது. வெயிலுக்கு இந்த ஒரு உபகாரம். பள்ளங்களைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். நைனா போனில் சாப்பாட்டைப் பற்றியே பேசினார். முள்ளுக் கத்திரிக்காய் கடைசல் வேண்டுமாம்.

மே 26, ஞாயிறு

வெள்ளைச் சிமெண்ட் பட்டி. சுவரை லேசாக நனைத்துவிட்டு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் ஈரத்தை உறிஞ்சி, பட்டி பொடியாக உதிரும். இரண்டு கோட் சேர்த்தும் ஒன்றரை மில்லி கனத்தைத் தாண்டக்கூடாது. ஆழத்தைப் பட்டியாலேயே நிரப்பினால் வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குழைத்தேன், இந்தச் சூட்டில் சட்டியிலேயே இறுகிவிடுகிறது.

பகலில் பார்த்தால் பளிங்கு. ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அத்தனை மேடும் பள்ளமும் நிழலாக எழுகிறது. கட்டில் உயரத்தில் ஒரு மேடு, உள்ளங்கை அகலம். இனி இடப்பக்கமாகத்தான் படுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இடப்பக்கம் என்றால் சுவரைப் பார்த்து. நாளெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மே 27

180 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 320. அந்த மேடு இன்னும் இருக்கிறது. யாருக்கும் தெரியாது என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. டார்ச் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

மே 28, செவ்வாய்

அதே மேடு. உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தேன், வெறும் விரலால் தேய்த்தால் குழி விழுகிறது. தூசு அவர் நெஞ்சுக்கு ஆகாது. ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை வரை ஈரத்துணியால் துடைத்தாயிற்று.

மே 29

பிரைமர் ஒரு கோட். நாளை டிஸ்சார்ஜ் இல்லையாம், சனிக்கிழமையாம். காரணம் கேட்டால் பெரிய டாக்டர் வரட்டும் என்கிறார்கள். சரி, அதற்குள் அந்த இடத்தில் இன்னொரு தடவை உப்புத்தாள் போட்டுவிடலாம்.